மிஞ்சிய ஒரே சத்தம்

மருத்துவ நுழைவுத்தேர்வுக்கு முந்திய கோடை அது. தோழிகள் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். "புத்தகம் எங்கையும் ஓடாது, வந்து ஒரு கை பிடி பிள்ளை," என்று அம்மா, தான் வேலை செய்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் இருந்த அந்த வீட்டுக்காரரின் பேச்சைப் பக்கவாதம் கொண்டுபோயிருந்தது. பெரிய காதுகள், தினமும் மழித்த முகம், கசங்காத வெள்ளைச் சட்டை. முகவாயைச் சற்று உயர்த்தி நாக்கால் 'ச்சு' என்பார். அவரிடம் மிஞ்சியிருந்த சத்தம் அது ஒன்றுதான்.

ஒருநாள், வடஇத்தாலியிலிருந்து புதிதாக வந்திருந்த மருத்துவர் அவர் தோளை அழுத்தி, "நோகிறதா?" என்று கேட்டார்.

'ச்சு.'

முழங்கையை அழுத்தினார். 'ச்சு.'

"இன்றைக்குக் கோபமாக இருக்கிறார்," என்று பையை மூடினார்.

"கோபமில்லை டொக்டர், இல்லை என்கிறார்," என்றேன். சிசிலிக்காரர்கள் 'இல்லை' சொல்வது அப்படித்தான். இன்னும் சோறு போடவா என்று கேட்டால் என் அம்மாவும் அப்படித்தான்.

மருத்துவர் மறுபடி தோளிலிருந்து தொடங்கினார். மணிக்கட்டுக்கு வந்தபோது மட்டும் சத்தம் வரவில்லை. நோவு அங்கேதான் இருந்தது. நான் உடனிருந்து கண்டுபிடித்த முதல் நோவு அது. அதற்காக இன்றும் மனதுக்குள் அந்த வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கோடையின் கடைசி நாளன்று வாய்ப்பழக்கத்தில் அவரிடம் தமிழிலேயே, "போயிட்டு வாறன்," என்றுவிட்டு, போய்த் திரும்பி வருவேன் என்று இத்தாலிய மொழியிலும் சொன்னேன். அவர் முகவாயை உயர்த்தினார்.

'ச்சு.'

போகாதே என்றாரா, நீயாவது திரும்பி வருவதாவது என்றாரா? மருத்துவம் படிக்கத் தொடங்கிய பிறகும் எனக்கு விளங்கவில்லை. வரமாட்டாய் என்றுதான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டு, அடுத்த கோடையில் முதல் வேலையாக அவர் வீட்டு மணியை அடித்தேன்.