நெசவுத் தெருவின் புத்தகப் பெட்டி

சேலத்தில் நான் பொறுப்பு வகித்த வாசகசாலைக்குச் சொந்தமாக ஒரு கூண்டு வண்டி இருந்தது. அதில் மூன்று மரப்பெட்டிகள் நிறையப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய்வருவோம். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பெட்டிகளின் மூடிக்குத் தகரம் அடித்திருந்தது. மாடும் வண்டிக்காரரும் வாடகைக்கு. ஓர் ஊரில் மாரியம்மன் கோயில் முன்னால் நிற்போம், இன்னோர் ஊரில் சந்தை மைதானத்தில் நிற்போம். மணியை அடித்தால் ஆட்கள் வருவார்கள். குடியானவர்கள் வேலைக்கு நடுவே ஒரு மூச்சு வந்துபோவது பெரிய காரியமில்லை. கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கிறவர்கூட மாட்டை நிறுத்திவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு புத்தகம் வாங்கிப் போவார்.

வருஷத்துக்கு ஒருமுறை வாசகசாலைப் பொதுக்கூட்டம் நடக்கும். எந்த ஊரில் எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்று அறிக்கை எழுதுவது என் வேலை. எல்லா ஊருக்கும் எதிரே ஏதாவது ஒரு எண் இருக்கும். மல்லூர் தாண்டி ராசிபுரம் போகும் பாதையில் இருந்த ஒரு நெசவுத் தெருவுக்கு எதிரே மட்டும் ஒன்றும் இருக்காது. 'நெசவாளிக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று கமிட்டியில் ஒருவர் சொல்லுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தெருவை வண்டியின் வழியிலிருந்து எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, நானே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னேன்.

வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. தெருவின் நீளத்துக்கும், தறியில் ஏற்றும் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் இருபுறமும் நின்று, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்று ஒரே ஓட்டமாக இழைகளைக் கோதிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள போகலாமில்ல?" என்றேன் வண்டிக்காரரிடம்.

"அந்த இழையில என் மாடு கால வெச்சுதுன்னா, என் தோல உரிச்சுப் பாவு போட்டுருவாங்க சாமி" என்றார் அவர். "நீங்க எறங்கி நடங்க. நான் இங்கயே மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கிட்டு நிக்கறன்."

நான் மணியை அடித்தேன். வீடுகளுக்குள்ளிருந்து வந்த தறிச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்த முதல் வீட்டில் ஒருவர் குழித்தறியில் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், குறுக்கே ஓடிக்கொண்டிருந்த தறி நாடாவை நிறுத்தினார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா அந்தப் புத்தக வண்டி?"

"ஆமாம். யாருமே வருவதில்லையே என்று கேட்டுப்போக வந்தேன்."

"எப்படிங்க வாரது? நீங்க வேல நாளாப் பாத்துப் பாத்து வாரீங்க. மொதலாளிக்கு வாரம் பொறந்தாச் சேல குடுக்கோணும். குழியில எறங்கினா எறங்கினதுதான். எங்களுக்கு லீவுன்னா அமாவாசதானுங்க. அன்னிக்குத் தறியத் தொடமாட்டம். அமாவாசைக்கு வாங்க, உங்க வண்டியில புத்தகம் மிச்சமிருக்குதான்னு பாப்பம்."

இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் கமிட்டியில் நெசவாளி ஒருவரும் இல்லை. நான் சந்தோஷமாகத் தெருமுனைக்குத் திரும்பி, இனி இந்தத் தெருவுக்கு அமாவாசையன்று வருவோம் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அமாவாசைக்கு மாடு பூட்டறதுங்களா?"

"ஒரு நாள்தானே?"

"எங்க பாட்டன் காலத்திலிருந்து அன்னிக்கு ஏரும் பூட்டறதில்ல, வண்டியும் பூட்டறதில்ல. நீங்க படிச்சவங்க, எந்த நாள்ல வேணும்னாலும் எங்க வேணும்னாலும் போவீங்க. என் மாடு படிக்கலீங்க."

வேறு வண்டிக்காரர்களைக் கேட்டேன். எல்லோரும் இதையே சொன்னார்கள். குதிரை வண்டி பேசலாமென்று போனால், ஜட்காக்காரர் பெட்டியைத் தூக்க முயன்று பார்த்துவிட்டு, இந்தக் கனத்தைத் தம் குதிரை இழுக்காது என்று சிரித்தார். ஆக, அந்தத் தெரு ஓய்ந்திருக்கும் ஒரே நாளில் எங்கள் மாடுகளும் ஓய்ந்திருந்தன. இதில் யார்மேலும் குறை சொல்ல இடமில்லை.

வழி சொன்னவர் அந்த நெசவாளிதான். அமாவாசைக்கு முன்னால் என்றைக்காவது ஒரு பெட்டியைத் தம் வீட்டில் இறக்கிவிட்டுப் போனால் போதும், அமாவாசையன்று தாமே திறந்து கொடுத்து வாங்குவதாகச் சொன்னார். கமிட்டி இதை லேசில் ஒப்பவில்லை. அவர் முதலாளியிடம் சேலை கொடுக்கச் சேலம் வந்த நாளில், அவரை வாசகசாலைக்கே அழைத்துவந்தேன். தோளில் மூட்டையோடு கூடத்தின் ஓரமாக நின்றார். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற வக்கீல். குறுக்கு விசாரணை செய்யும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"பெட்டி காணாமல் போனால்?"

"மொதலாளியோட பாவு வருஷம் பூரா எங்க ஊட்டுலதானுங்க கெடக்குது. அது காணாமப் போச்சுங்களா?"

"கறையான் அரித்தால்?"

"பெட்டிய விட்டத்துல கட்டித் தொங்கவுட்டுருவனுங்க. கறையான் வந்தா, அதுக்குப் போறதுக்கு முந்திக் கீழ படுத்திருக்கற என்னியத் திங்கோணும்ங்க. தின்னு முடிக்கறதுக்குள்ள நான் முழிச்சுக்குவன்."

தலைவரே சிரித்துவிட்டார். ஒரு வருஷம் சோதனையாக வைத்துப் பார்க்கலாம் என்று தீர்மானமாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் மற்ற ஊர்களுக்குச் சமமாக அந்தத் தெருவிலும் புத்தகங்கள் வெளியே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி திரும்பிவிடும், அந்தத் தெருவின் பேச்சை இனி எடுக்கக் கூடாது. நெசவாளி எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "எங்க சனத்துக்குப் படிப்பு வேண்டாம்னு எழுதி வெச்சிருக்கீங்களாமே? அத அடிச்சுட்டு வேற எழுத வெச்சிருவம்ங்க" என்றார்.

முதல் அமாவாசைக்கு நான் பஸ் ஏறிப் போனேன். தெருவே அவர் வீட்டில் இருந்தது. கோழி வளர்ப்பு, பூச்சி மருந்து பற்றிய சிறு புத்தகங்களை ஒதுக்கிவிட்டார்கள். கதைகளுக்குத்தான் கைகள் நீண்டன. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அதனால் ஒரு வீட்டில் ஒருவர் வாங்குவார். அன்று மாலை அவர் உரக்கப் படிக்க, நாலைந்து வீட்டார் உட்கார்ந்து கேட்பார்கள். மறுநாள் முதல் வேலை நேரத்திலும், நாடாவுக்குத் தார் நூல் சுற்றும் பெண்களில் படிக்கத் தெரிந்த ஒருத்தி தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஒரு பக்கம், இரண்டு பக்கம் படிப்பாள். பத்துப் பேர் கேட்ட கதை எங்கள் வழக்கப்படி ஒரு புத்தகம்தான். மாதங்கள் போகப் போக, நிபந்தனைக்கு நாம் எட்டமாட்டோம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நெசவாளியிடம் சொன்னேன்.

"கேக்கறவங்களச் சேத்து எழுதக் கூடாதுங்களா?"

"கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர்களை மட்டும்தான் எழுத முடியும்."

"அப்படின்னா ஆளுக்கொரு புத்தகம் வாங்கித் தலைக்கு வெச்சுத் தூங்கச் சொல்லட்டுங்களா? உங்க எண்ணிக்கயும் நெறையும், அவங்களுக்கும் தலகாணி ஆச்சு."

இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. உரக்கப் படிக்கும் வழக்கமும் நிற்கவில்லை.

அதற்குள் யுத்தம் நெருங்கி வந்திருந்தது. நூல் கிடைப்பது அருகிப்போயிற்று. முதலாளிமார் பாதி நூல்தான் கொடுத்தார்கள், பிறகு கால்வாசி, பிறகு கையை விரித்தார்கள். எனக்கு இதெல்லாம் பத்திரிகைச் செய்தியாகத் தெரியுமே தவிர, அந்தத் தெருவில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பெட்டியை மாற்றிக் கொடுக்க ஒருநாள் வண்டியில் போனேன். வண்டிக்காரர் தெருமுனையில் பழக்கம்போல மாட்டை இழுத்துப் பிடித்தார். பிறகு மெதுவாகத் தளர்த்தினார். தெருவில் பாவு இல்லை. வண்டி முதன்முறையாக உள்ளே போயிற்று. சக்கரச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி. வாசல்படிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலர் கையில் எங்கள் புத்தகங்கள்.

"இப்பெல்லாம் தெனமும் தெறக்கறனுங்க" என்றார் நெசவாளி. "எழுத்துத் தெரியாதவங்ககூட வேற வேல இல்லாமக் கத்துக்கிட்டாங்க. அந்தக் கோழிப் புத்தகத்தக்கூட வுட்டு வெக்கல."

பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தில் கொஞ்சம் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே, "படிக்கறதுக்குக் கோழி இருக்குது சாமி, அடிச்சுக் கொழம்பு வெக்கறதுக்குத்தான் இல்ல" என்றாள். படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கவேண்டியிருந்தது.

அந்த வருஷ அறிக்கையில் நெசவுத் தெரு எல்லா ஊர்களையும் தாண்டிவிட்டது. ஓர் அறிக்கை எழுதுகிறவனாக, இதைவிட நல்ல எண்ணை நான் அதுவரை எழுதியதில்லை. அதற்குக் கீழே, தறிகள் நின்றுபோனதே இதற்குக் காரணம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். தலைவர் கூட்டத்துக்கு முன்னால் படித்துப் பார்த்து, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"யுத்த காலத்தில் நூலைப் பற்றி வாசகசாலை ஏன் பேசவேண்டும்? அது வேறு இலாகா."

"காரணம் தெரியாவிட்டால் எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வார்களே."

"படித்திருக்கிறார்களா, இல்லையா? படித்திருக்கிறார்கள். போதும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூட்டத்தில் நான் அந்த வரியை வாயால் சொல்லிப் பார்த்தேன். கைதட்டலில் அது பாதிப் பேருக்குக்கூடக் கேட்டிருக்காது. நெசவுத் தெருவில் பெட்டி நிரந்தரமாக இருக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நெசவாளிக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று வருஷந்தோறும் சொன்னவரே எழுந்து வழிமொழிந்தார்.

சேதியைச் சொல்ல அடுத்த வாரமே வண்டியில் போனேன். நெசவாளியின் வீட்டு வாசலில் பானைகளும் ஒரு பாய்ச் சுருளும் இருந்தன. உள்ளே தறியைப் பிரித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். தெருவில் பல வீடுகள் பூட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"பெட்டி உங்கள் தெருவுக்கே என்று ஆகிவிட்டது" என்றேன்.

"அப்படிங்களா!" என்று முகம் மலர்ந்தார். மனைவியைக் கூப்பிட்டு, "கேட்டியா, பெட்டி நமக்கே ஆச்சாம்" என்றார். பிறகு என் கையில் சாவியை வைத்தார். "கோயமுத்தூர்ல மச்சினன் மில்லுல இருக்கறானுங்க. வரச் சொல்லியிருக்கறான். பக்கத்து ஊட்டுல ரெண்டு பேரு இன்னும் இருக்கறாங்க, அவுங்க பாத்துக்குவாங்க. அவுங்களும் எத்தன நாளைக்கோ."

கோவை ரயிலுக்கு அவர்கள் ஜங்ஷன் வரை நடப்பதாக இருந்தார்கள். சேலம் திரும்பும் வண்டி காலியாகத்தானே போகிறது என்று, பானைகளையும் பாயையும் ஏற்றிக்கொண்டோம். அவர் ஒரு புத்தகத்தை மட்டும் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்திருந்தார்.

"இது முடியலீங்க. போற வழியில படிச்சுட்டு எறங்கறப்பக் குடுத்துரட்டுங்களா?"

"கொண்டுபோங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"அதெல்லாம் வேண்டாங்க. எங்க தெருப் பேருல வாங்கினது. நான் போறப்ப ஒண்ணு கொறஞ்சுதுன்னு இருக்கக் கூடாது."

கூண்டுக்குள் கால் மடக்கி உட்கார்ந்து, மனைவிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். சொத்துக்காகப் பிரிந்துபோன அக்காள் தங்கையின் கதை அது. மல்லூர் தாண்டினோம். கல் தட்டி வண்டி குலுங்கும்போது வரியைத் தவறவிட்டு மறுபடி பிடிப்பார். ஜருகு மலைப் பக்கம் வந்தபோது வண்டியின் வேகம் குறைந்திருந்ததைக் கண்டேன்.

"ஏப்பா, ரயிலுக்கு நேரமாகிறது" என்றேன்.

"இருங்க சாமி" என்றார் வண்டிக்காரர், திரும்பாமல். "அந்தத் தங்கச்சிக்காரி ஊட்டுக்குள்ள வாரதா வேண்டாமான்னு கதவுகிட்ட நிக்கறா. இந்த நேரத்துல மாட்ட அடிக்கச் சொல்றீங்களே."

ஜங்ஷனை நெருங்கும்போது நெசவாளி வேகமாகப் படிக்கத் தொடங்கினார். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ரயில் வருகிறது, கைகாட்டி இறங்கிவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அவர் படித்த இடத்தில் நிறுத்தினார். இன்னும் சில பக்கங்கள்தான் இருந்தன. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"நடுவுல தாண்டிப்போய்ப் பாக்கறது நல்லா இருக்காதுங்க" என்று புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். "நீங்க படிச்சிருப்பீங்களே, அந்தப் பொண்ணுங்க ஒண்ணு சேந்தாங்களா?"

அட்டையில் எண் ஒட்டியது நான். எந்தப் பெட்டியில் எந்த வரிசையில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உள்ளே படித்ததில்லை. அதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "உங்களுக்கு எங்கீங்க நேரம்?" என்று மட்டும் சொல்லி, பாய்ச் சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தப் பக்கங்களை அன்று ஜங்ஷன் வாசலில், வண்டியில் உட்கார்ந்தபடியே படித்தேன். வண்டிக்காரர் கேட்டதால் உரக்கவே படித்தேன். அக்காளும் தங்கையும் சேர்ந்துவிட்டார்கள். அக்காள்தான் வந்து கதவைத் திறக்கிறாள். அதை நெசவாளிக்கு எழுதலாமென்றால், கோயமுத்தூரில் எந்த மில் என்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை.