கருதல் பெட்டியின் சாவி

"...காரியம் சொன்னாத்தான் சாவி, செல்லம்மா. நீ வச்ச சட்டமல்லே?"

இன்று வங்கியில் யாரோ 'கருதல்' என்றதும், தம்பானூரில் எங்கள் அடுத்த வீட்டுத் தங்கம்மா சேச்சி அம்மாவிடம் சொன்ன அந்தக் குரல் கேட்டது. ஆபத்துக்கென்று ஒதுக்கும் பணத்துக்கு மலையாளத்தில் அந்தப் பெயர். அம்மாவின் கருதல், மிளகாய் நெடியடிக்கும் தகரப் பெட்டியில் இருந்தது. மனசு மாறி எடுத்துச் செலவழித்துவிடுவோமென்று சாவியைச் சேச்சியிடம் கொடுத்திருந்தாள். முன்பொருமுறை திருவிழாச் சேலைக்குக் கேட்டபோது சேச்சி சிரித்தே விரட்டிவிட்டாள்.

சேச்சி காரியம் கேட்ட அன்று அப்பாவுக்கு ஹோட்டல் வேலை போயிருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மா வாய் திறக்காமல் நின்றாள்.

சேச்சி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சாவியை எடுத்து அம்மா கையில் வைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டு நாழி அரிசியும் அளந்து கொண்டுவந்தாள்.