நிக்காந்த்ரோவுக்கு வராத ரொட்டி

நாடே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நாவலாசிரியர் டோன் அன்செல்மோவின் வீட்டில் ஒதிலியா சமையல்காரி. மாணவர் ஊர்வலத்தில் ராணுவம் சுட்டுத் தன் ஒரே மகன் நிக்காந்த்ரோ செத்த கதையை, சோளமாவு பிசைந்துகொண்டே ஒருநாள் அவரிடம் சொல்லி அழுதாள். மனிதர் கண்கலங்கத்தான் கேட்டார். பிறகு உட்கார்ந்து அதை நாவலாக்கினார்.

நாவலில் தாயே மகனை ராணுவத்திடம் காட்டிக்கொடுக்கிறாள். பெயரை மாற்றிய அந்த மகானுபாவர், ஒதிலியாவின் நொண்டிக்காலையும் சோசிமில்கோ ஊரில் அவள் குடியிருந்த தெருவையும் மட்டும் அப்படியே விட்டுவைத்தார். பரிசுகள் குவிந்தன.

இறந்தோர் நாளில் வீட்டுக்கு வீடு செத்தவர் படத்தை வைத்துப் படையல் போடுவார்கள். அக்கம்பக்கத்தார் ரொட்டி கொண்டுவந்து வைப்பார்கள். நாவல் வந்த வருஷத்திலிருந்து ஒதிலியாவின் வாசற்படியை ஒருவரும் மிதிக்கவில்லை. ரொட்டிக்கடை ரெஃபூஹியோவிடம் அதெல்லாம் பொய் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"புக்குலயே போட்டிருக்கேடி. பொய்யையா அச்சடிப்பாங்க?" என்றாள் ரெஃபூஹியோ.

கடைசியில் முதலாளியிடமே போய் நின்றாள். "ஐயா, அது கற்பனைதான்னு டிவியில ஒரு வார்த்தை சொல்லுங்க. என் புள்ளைக்கு ஒரு ரொட்டி வைக்க நாதியில்ல."

"அழுவுற அம்மாதான் வீட்டுக்கு வீடு இருக்காளே, ஒதிலியா. காட்டிக்குடுக்குறவதான் இலக்கியம்" என்று சிரித்தார் அவர். "போ, காபி கொண்டா."

அதே வாய்தான் வாராவாரம் டிவியில் அரசாங்கத்தைப் பார்த்து உண்மையைச் சொல் என்று முழங்கியது. தேசத்தின் மனசாட்சி என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். நொண்டிக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மனசாட்சிக்குத் தினமும் அவள்தான் சோறு போட்டாள்.

அன்செல்மோ செத்தார். அரசு மரியாதை, பூமாலை, மந்திரிகளின் கண்ணீர், ஒன்றுக்கும் குறைவில்லை. அந்த வருஷம் இறந்தோர் நாளில் ஒதிலியாவின் வாசலில் கூட்டம் நின்றது. முன்னால் பள்ளி ஆசிரியை. பின்னால் கூடை நிறைய ரொட்டியோடு ரெஃபூஹியோ.

ஒதிலியா கதவை அகலத் திறந்தாள். "என் புள்ளைக்கா?"

"கதையில வர்ற வீடு இதானம்மா? ஐயாவுக்கு இங்கதான் படைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை" என்றாள் ஆசிரியை. "அந்தப் பையன் படத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சிரட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நகர்த்தினார்கள். சாமந்திக்கு நடுவே அன்செல்மோ படத்தில் சிரித்தார். ரொட்டியெல்லாம் அவர் முன்னால் குவிந்தது. ஒதிலியா ஒரு ரொட்டியை எடுத்து மூலையிலிருந்த மகன் பக்கம் திரும்பினாள்.

ரெஃபூஹியோ அவள் கையில் ஓங்கித் தட்டினாள். "காட்டிக்குடுத்தது பத்தாதா? திருடவும் செய்யணுமா? அது ஐயாவுக்கு வச்சது."

எடுத்த ரொட்டியை ஒதிலியா திரும்ப அன்செல்மோவின் முன்னால் வைத்தாள்.