பெய்ரூட் நேரத்தில் பூட்டிய படம்

மேற்குச் சிட்னியில் ஒரு சின்னத் தியேட்டரில் படம் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்து எனக்கு அப்போது இரண்டாவது மாதம். புரொபேஷன் என்ற சோதனைக் காலம் முடிந்திருக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு லெபனான் படம். பயணி ஒருவன், தன் பழைய வாழ்க்கையே மறந்துபோன ஒரு கிழவரை வழியில் காரில் ஏற்றிக்கொண்டு அவருடைய வீட்டைத் தேடிப் போகிற கதை. ஹோல் நிறைந்துவிட்டது. பிளே பட்டனை அமத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது.

டிஜிட்டல் படம் பூட்டித்தான் வரும். அதைத் திறக்க ‘கீ’ என்று ஒரு ஃபைல் தனியாக வரும். எத்தனை மணியிலிருந்து திறக்கும் என்பதும் அதில் இருக்கும். எங்கள் கீ இரண்டு மணிக்குத்தான் திறக்கும், ஆனால் பெய்ரூட் நேரப்படி. சிட்னியில் அது இரவு ஒன்பது மணி. முதல் நாளே ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

மனேஜர் நாடியா மேலே மெஷின் அறைக்கு ஓடி வந்தார். லெபனான்காரரின் மகள், சிட்னியில் பிறந்தவர். அன்றைக்கு எல்லாரும் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

“நான் பெய்ரூட்டுக்கு ஃபோன் அடிச்சுப் புதுக் கீ கேக்கிறன். அங்க இப்பதான் விடிஞ்சிருக்கும். நீர் போய் மெஷின் பழுதெண்டு சனத்துக்குச் சொல்லும்.”

திரைக்கு முன்னால் போய் நின்றேன். பொய் வாயில் வரவில்லை. “கீயைச் சரிபார்க்காதது என்ரை பிழை. அரை மணித்தியாலம் தாங்கோ” என்றேன்.

சிலர் எழும்பினார்கள். முன் வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“இருங்கோ! லெபனானில சண்டை முடியுமெண்டு பதினைஞ்சு வருஷம் இருந்தனாங்கள். அரை மணித்தியாலம் இருக்கேலாதோ?”

ஹோல் முழுக்கச் சிரிப்பு. எழும்பியவர்களும் இருந்துவிட்டார்கள். “நீர் எந்த ஊர்?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“இலங்கை. மன்னார்.”

“அப்ப உமக்கும் காத்திருக்கத் தெரியும்” என்று பேரீச்சம்பழ பிஸ்கட் டப்பாவை நீட்டினார்.

இரண்டே முக்காலுக்குப் புதுக் கீ வந்தது. படம் ஓடியது. வழக்கமாக நான் படத்தைப் பார்ப்பதில்லை, மெஷினைத்தான் பார்ப்பேன். அன்றைக்குக் கண்ணாடி வழியாக முழுவதையும் பார்த்தேன். கடைசியில் கிழவர் தன் சொந்த வீட்டு வாசலில் நின்று, தன் மனைவி என்று தெரியாமலே, அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் கொண்டுவந்து கொடுக்கிறாள். லைட் போட்ட பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

நாடியா கேட்டார்: “மெஷின் பழுதெண்டெல்லோ சொல்லச் சொன்னனான்?”

“ஓம். சொல்லேல்லை.”

“நாளையில இருந்து எல்லாக் கீயையும் முதல் நாளே ஏத்திப் பாக்கிறது உம்மடை பொறுப்பு” என்றார். வேலை போகவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: கீ வந்ததும் ஏற்றிப் பாருங்கள், எந்த ஊர் நேரம் என்றும் பாருங்கள். அதற்குப் பிறகும் பிழை நடந்தால், சனத்துக்கு முன்னால் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.