மராட்டியில் விலை சொன்ன காலம்

மராட்டி பாஷையில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'மஹாக்'. விலை அதிகம் என்று அர்த்தம். தண்ணீருக்கு என்ன சொல்வார்கள் என்பதுகூட அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

காரைக்குடியில் நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் தங்கமும் வெள்ளியும் உருக்கிச் சுத்தம் செய்யும் பட்டறை இருந்தது. மராட்டியத்திலிருந்து வந்த குடும்பம். பட்டறைக்காரரைச் சேட்டு என்றார்கள். வடக்கேயிருந்து யார் வந்தாலும் எங்கள் ஊரில் சேட்டுதான். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் செத்த ஆறாம் மாதம் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசி. சம்பளம் பதினைந்து ரூபாய். மகளுக்கு ஐந்து வயது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவளைப் பதினொன்றாம் வகுப்புவரை படிக்கவைத்துவிட வேண்டும் என்று இருந்தேன். வேறு ஆசை எனக்கு இல்லை.

சேட்டின் மனைவியை 'வஹினி' என்று கூப்பிடச் சொன்னார்கள். அண்ணி என்று அர்த்தமாம். என்னைவிடச் சின்னவள். என்னை அக்கா என்பாள். அவர்கள் பாஷையிலும் அது அக்காதான். தமிழ் தெரியாது என்று அவள் கடைத்தெருவுக்குப் போவதில்லை. நான்தான் போய் வாங்கிவருவேன். காயைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"கிதீலா?" என்பாள். என்ன விலை என்பது அது.

சொல்வேன்.

"லய் மஹாக்!" ரொம்ப விலை என்று கன்னத்தில் கை வைப்பாள்.

"பரவடத் நாஹீ," என்பேன் நானும். கட்டுப்படியாகாது என்று.

அவள் சிரித்துவிடுவாள். நான் சொல்வது அவளைப் பெற்றவள் சொல்வதுபோலவே இருக்குமாம். எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை. வெங்காயம், மண்ணெண்ணெய், கடலை எண்ணெய் என்று நாளுக்கு ஒன்றைத் திட்டுவோம். இரண்டு பேரும் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாரச் சந்தையில் நான் வழக்கமாகக் காய் வாங்குவது ஒரு பெண்பிள்ளையிடம். விலையைக் குறைக்காமல் அவளை விடமாட்டேன்.

"ஏத்தா, சேட்டு வீட்டுக் காசுக்கு நீ எதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டுற? மிச்சத்த ஒனக்கா குடுக்கப்போறாக?"

"அஞ்சு பைசா கொறச்சுப் போடு. பேச்ச விடு."

"அமுக்கி அமுக்கிப் பாத்தே கத்திரிக்காயப் பாதி கூட்டாக்கிப்புட்ட. இந்தா, கொண்டு போ."

அந்த ஐந்து பைசாவை வஹினி கையில் கொடுக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

பட்டறையைக் கூட்டுவதும் என் வேலை. குப்பையை வெளியே கொட்டக்கூடாது. பொன் தூள் கலந்திருக்கும். சாக்கில் கட்டி வைப்பார்கள். அதைக் கழுவிப் பொன் எடுக்கிறவர்கள் வந்து விலைக்கு வாங்கிப்போவார்கள். தேய்ந்த விளக்குமாற்றைக்கூட எரித்து அந்தச் சாம்பலைச் சேர்த்து வைப்பார்கள். வாசலில் ஒரு அண்டா இருக்கும். வெளியே போகுமுன் கைகாலை அதில் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அடியில் படிவது அவர்களுக்கு. அது தொழில்முறை. அதில் எனக்குக் குறை இல்லை.

எழுபது பிறந்து இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் ஏறியது. இரண்டு ரூபாய்க்கு வாங்கிய படி அரிசி நான்கு ரூபாய் ஆனது. பொன் விலையும் ஏறியது. கைகால் கழுவினது போதாது, தலைமுடியையும் உதறிவிட்டுப் போ என்றார் சேட்டு. பிறகு முந்தானை. பிறகு, பட்டறைக்கென்று ஒரு பழைய சேலை கொடுத்தார்கள். அதை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அதை அலசிய தண்ணீரும் அண்டாவுக்குத்தான் போனது. என் காலில் ஒட்டுகிற தூசிக்கு விலை கூடிக்கொண்டே இருந்தது. என் சம்பளம் இருபதுக்கு வந்து அங்கேயே நின்றது.

மகள் ஆறாம் வகுப்பு முடித்தாள். இருபதில் சாப்பாட்டையும் பார்த்துப் பள்ளிக்கூடத்தையும் பார்க்க முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே வஹினியிடம் கேட்க வேண்டியதை மராட்டியில் சொல்லிப் பார்த்தேன். பிழை வரக்கூடாது என்று பல தடவை. மறுநாள் அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். அரிசி மஹாக், எனக்குப் பரவடத் நாஹீ, ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுங்கள், மகள் படிக்கிறாள் என்று.

அத்தனை வருடத்தில் அவள் என்னிடம் தமிழில் இரண்டு சொல் சேர்த்துப் பேசியதில்லை. அன்று தமிழில் சொன்னாள்.

"கட்டுப்படியாகாது அக்கா. எல்லாம் வெல ஏறிப்போச்சு. பதினஞ்சுக்கு வர ஆள் இருக்கு."

எங்கள் ஊர்த் தமிழ். ஒரு தடங்கலும் இல்லை. எப்போது கற்றாள் என்று தெரியவில்லை. பூண்டு உரிப்பதையும் நிறுத்தவில்லை.

அடுத்த மாதம் மகளைக் கொத்தமங்கலத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெரிய வீட்டில் கூடவே தங்கி வேலை பார்க்கப் பிள்ளை வேண்டும் என்றார்கள். அந்த வீட்டு ஆச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எம்புட்டு எதிர்பாக்குற?"

"நீங்க என்ன குடுக்குறீகளோ அது போதும் ஆச்சி."

"சோறு போட்டு, துணி எடுத்துக் குடுத்துருவோம். மாசம் ஆறு ரூவா. இன்னைக்கு விக்கிற வெலவாசியில அதுக்கு மேல ஏலாது."

"சரி ஆச்சி," என்றேன். கத்தரிக்காய்க்கு அவ்வளவு பேசிய வாய் எனக்கு. பெற்ற பிள்ளைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவில்லை.

மகள் அழவில்லை. நான் கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

"ஆத்தா, பள்ளிக்கூடப் பைய உயரத்துல மாட்டு. எலி கடிச்சுப்புடும்."

மறுநாள் சந்தை. அந்தப் பெண்பிள்ளை சொன்ன விலையைக் கொடுத்தேன்.

"என்னத்தா, கொறைக்கச் சொல்லல? மேலுக்கு முடியலையா?"

"நிறுத்துப் போடு."

சேட்டு வீட்டுக்கு வந்து காயைக் கொட்டினேன். வஹினி கேட்டாள். விலையைச் சொன்னேன்.

"லய் மஹாக்," என்று கன்னத்தில் கை வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், நானும் சொல்வேன் என்று.

நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அங்கே இன்னும் நாலு வருடம் வேலை பார்த்தேன். கேட்டால் விலையை மட்டும் சொல்வேன்.