துர்காதேவிக்கு நான் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்

எனக்குத் தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் கடை. பதினெட்டு வருடமாக இதே வேலை என்பதால் வாய் கொஞ்சம் நீளம். ‘ஜெபகுமார் கை வைத்தால் செத்த மெஷினும் எழுந்து உட்காரும்’ என்று நானே சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்வதில்லை.

பிள்ளையார்பாளையம் துர்காதேவி என்னைத் தேடி வந்தது போன ஆவணியில். கணவர் மயில்வாகனம் பட்டுத்தறி நெய்கிறவர். அவள் வீட்டிலேயே மஞ்சள் நீராட்டு, காதுகுத்து வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பாள். யூடியூப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. எங்கே வெட்ட வேண்டும், எந்த அத்தையின் முகத்தில் இரண்டு நொடி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், என் மகள் கல்யாண வீடியோவை வெளியூர்க்காரனிடம் கொடுத்து ஏமாந்தவன் நான்.

ஆனால் கேமராக்காரர்கள் எல்லாரும் ஃபோர்-கேவுக்கு மாறிவிட்டார்கள். அவளுடைய பத்து வருடக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தால் நகரவே நகராது. வேலை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பூவராகவன் ஒரு கல்யாணத்தைக் கொடுத்தார். பத்து நாளில் ஒழுங்காக முடித்தால், அவர் எடுக்கும் கல்யாணமெல்லாம் இவளுக்குத்தான். இல்லையென்றால், முன்பு போல விடியுமுன் எழுந்து ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். அந்த பஸ்ஸை நினைத்தாலே அவளுக்கு அழுகை வரும்.

“புதுசு வாங்க முடியாதுண்ணா. இதையே தேத்திக் குடுங்க,” என்றாள்.

அவள் வீட்டுக்கே போனேன். ராம் கூட்டினேன், எஸ்எஸ்டி போட்டேன், பவர் சப்ளையை மாற்றினேன். கிராபிக்ஸ் கார்டைச் செருகியதும் வயர் துருத்திக்கொண்டு கேபினட்டின் பக்கமூடி உட்காரவில்லை. பெரிய கேபினட் வாங்க வேண்டும். கையிலிருந்தது தீர்ந்துபோனதை அவள் முகமே சொன்னது. எனக்கும் திரும்பக் கழற்றிப் பூட்டச் சோம்பல்.

“மூடிய விட்ருமா. காத்து போனா நல்லதுதான். டேபிள் ஃபேன இந்தப் பக்கம் திருப்பி வெச்சிக்கோ, சூடே ஆவாது.”

அந்த வீட்டுத் தறிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு இதைச் சொன்னேன். மயில்வாகனம் அப்போது வீட்டில் இல்லை.

“பறக்குதுண்ணா!” என்று மறுநாள் போன் செய்தாள். ஒரு வாரம் பறந்தது. எட்டாம் நாள் செத்தது.

கழற்றிப் பார்த்தேன். போர்டின்மேல் கருகிய இடத்தில் ஏதோ மினுங்கியது. இடுக்கியால் எடுத்தால், இமைமயிர் நீளத்துக்கு ஜரிகை.

வீடியோ ரெண்டர் ஆக மூன்று மணி நேரம். அதுவரை சும்மா உட்கார அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கணவர் நெய்து முடித்த சேலையை மடியில் கவிழ்த்துப் போட்டு, புட்டாப் பூக்களுக்குப் பின்னால் தொங்கும் ஜரிகை இழைகளை கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தரித்திருக்கிறாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பட்டுநூல் விழுந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, கரண்ட் பாயும். போர்டும் போச்சு, கார்டும் போச்சு. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, பாவி எனக்கு.

கார்டு வாங்கிய இடத்தில் கருகலைப் பார்த்ததுமே வாரண்டி கிடையாது என்று திருப்பிவிட்டார்கள். அந்தக் காலத்து போர்டு சென்னையில் தேடியும் கிடைக்கவில்லை. என் கடை மெஷினைக் கொடுத்துப் பார்த்தேன். அது அவளுடையதைவிடக் கிழடு. பூவராகவன் நல்ல மனிதர், இரண்டு நாள் கூடக் கொடுத்தார். பெண் வீட்டார் நெருக்கியதும் வேலையை வேலூர் ஆளிடம் கொடுத்துவிட்டார்.

துர்காதேவி கடைக்கு வந்தாள். மயில்வாகனமும் கூட வந்து, உள்ளே வராமல் படியிலேயே நின்றார். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக்குப் போவதாகச் சொன்னாள்.

“ஜரிகை வெட்டறப்போ ஃபேன நிறுத்தியிருக்கணும் இல்லண்ணா? எனக்குத்தான் புத்தி இல்ல. இவுரும் அதையேதான் சொல்லிக்கினு இருக்காரு.”

மூடியைத் திறந்து வைத்து ஃபேனைத் திருப்பச் சொன்னதே நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மயில்வாகனம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆமாம்மா, நிறுத்தியிருக்கணும்,” என்றேன்.