இரவல் ஆட்டக்காரனுக்கு ஒரு ஓட்டு

டிடிமா பத்தீஸ்தா பத்தொன்பது வயதில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியை முடித்தாள். அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருடம் ஆண்கள் வார்டு. கழுவினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், ஊட்டினாள், இறந்தவர்களின் கண்களை மூடினாள். பேஸ்பால் பைத்தியமும் அந்த வார்டில்தான் பிடித்தது. மழை நின்று ஜனவரி பிறந்து, மாகாணங்களுக்கிடையே இளைஞர் போட்டி தொடங்கிவிட்டால், இருபது கட்டிலுக்கும் நடுவே ஒரு ரேடியோ அலறும். ஆட்டம் சூடாக இருக்கும்போது நாடி பிடித்தால் எல்லோருக்கும் கண்டபடி ஓடும். அதனால் ஆட்டத்தின் ஒரு சுற்று, அதாவது ஒரு இன்னிங்ஸ், முடியும்வரை காத்திருந்து நாடி பிடிப்பாள். காத்திருக்கும் காது சும்மா இருக்குமா? இரண்டே வருடத்தில், யாரை எப்போது மாற்ற வேண்டும் என்று டாக்டருக்கே சொல்ல ஆரம்பித்தாள். பந்து எறிகிற பிட்சரைத்தான், நோயாளியை அல்ல.

கணவன் ஓவிதியோ பனாமா நகரத்துக்கு வேலை தேடிப் போனவன் போனவன்தான். ரேடியோவை விட்டுவிட்டுப் போனான். அதனால் அவள் பெரிதாக ஒன்றும் வருத்தப்படவில்லை.

இப்போது வயது ஐம்பத்திரண்டு. ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள், மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. டோன் ஃபுல்வியோ என்ற பழைய பஸ் டிரைவரைப் பார்த்துக்கொள்ளப் போனாள். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது. பேச்சில் இரண்டே இரண்டு சொற்களை மிச்சம் வைத்தது: ‘ஆமா’, ‘இல்ல’. அவருடைய மகன் எலியேசர்தான் மாகாண இளைஞர் அணியின் மேனேஜர். ஒரு ரசிகைக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வாய்க்காது. ஒரு மேனேஜருக்கு இதைவிடப் பெரிய தண்டனையும் வாய்க்காது. அவன் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவான். அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே அவள் ஆரம்பிப்பாள்.

அந்த வருட அணி மீசை முளைக்காத பட்டாளம். மூத்த ஆறு பேர் வயது வரம்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். அந்த இடங்களில் பதினாறு வயதுப் பிள்ளைகளை நிறுத்தினான் எலியேசர். முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுவார்கள் என்று ஊரே சொன்னது. கடைசி நாலு அணிக்குள் வந்து நின்றார்கள். வந்ததற்குப் பாதிக் காரணம் எய்னார் வெர்காரா. பதினேழு வயது, இடது கைப் பிட்சர். அவன் எறியும் வளைவுப் பந்து, அடிக்கிறவன் மட்டையைச் சுழற்றி முடித்தபிறகு மெதுவாக வந்து சேரும்.

கடைசி நாலுக்குள் வந்துவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. தோற்று வெளியேறிய மாகாணங்களிலிருந்து இரண்டு ஆட்டக்காரர்களை இரவல் வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் சொந்தப் பிள்ளை ஒருவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பட்டியல் கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை கொடுத்தால் மாற்ற முடியாது.

திங்கட்கிழமை டிடிமா கரண்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

“எலியேசர், இரவல் எடுக்கப் போறியாமே?”

“யாரு சொன்னா, சென்யோ?”

அந்த ஊரில் நர்ஸம்மாவுக்கும் வாத்தியாரம்மாவுக்கும் அதுதான் பட்டம், சென்யோ.

“மெலீடா கடையில பேச்சு அடிபடுது. அந்தப் பக்கத்து மாகாணத்து ஜாஹிர் மொஹீக்காவாமே? போன வருஷம் நம்ம புள்ள முதுகுல பந்தால அடிச்சவன்?”

“நல்லா எறியறான். ரெண்டு பேர் எடுத்துக்கலாம்னு விதி இருக்கு.”

“எடுத்துக்கலாம்னுதான் விதி. எடுத்தே ஆகணும்னு இல்ல. நம்ம புள்ளைங்க ஏறி வந்த மாடியில இன்னொருத்தன் உக்காரணுமா? அவனை நம்ம சட்டையில கொண்டாந்து நிறுத்தினே, உங்கப்பாவைச் சக்கர நாற்காலியோட தள்ளிட்டு வந்து மைதானத்து நடுவுல விட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் நீயாச்சு, அவராச்சு.”

“அப்பா, கேட்டீங்களா இந்த அநியாயத்தை?”

“ஆமா,” என்றார் டோன் ஃபுல்வியோ, யார் பக்கம் என்று சொல்லாமல்.

இதையேதான் மெலீடாவின் சாப்பாட்டுக் கடையில் அவள் மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தாள். இரவல் வேண்டாம், நம் பிள்ளைகள் போதும். கடையே அவள் பின்னால் நின்றது. யாரோ அட்டையில் எழுதிக்கூட மாட்டிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து எலியேசர் எய்னாரைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பினான். தான் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தான். டிடிமா கோழியும் கிழங்கும் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தாள். பையன் கரண்டியை வலது கையில் எடுத்தான். இரண்டு வாய் தரையில், ஒரு வாய் சட்டையில்.

“நீ இடது கைக்காரன்தானே?”

“ரெண்டு கையும் பழகிக்கறேன், சென்யோ.”

“சாறு குடிக்கவா?”

இடது கை மடியில் கிடந்தது, முழங்கை முழுதாக நீளாமல். அவளுக்கு ஒரு வாடையும் வந்தது. பாம்புக் கொழுப்பு. அந்த வாடை முப்பத்திரண்டு வருடமாக அவளுக்கு எதிரி. ஊரில் யாருக்குச் சுளுக்கினாலும் முதலில் தொரிபியோவிடம்தான் ஓடுவார்கள். அவன் பாம்புக் கொழுப்பைச் சூடாக்கி, கத்தக் கத்த அழுத்தித் தேய்ப்பான். கத்தினால் குணமாகிறது என்று அர்த்தமாம். பாதிப் பேருக்குத் தானாகச் சரியாகிவிடும். மீதிப் பேர் வார்டுக்கு வருவார்கள்.

“தொரிபியோகிட்ட எத்தனை தடவை போனே?”

“மாமாதான் கூட்டிட்டுப் போனாரு. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும். ஆறு தடவை.”

“சுண்டுவிரல் மரத்துப் போகுதா?”

பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “அதுவும் பக்கத்து விரலும். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தினமும் காலையில் டோன் ஃபுல்வியோவுக்கு ஒரு சோதனை வைப்பாள். தன் இரண்டு விரல்களை நீட்டி, அழுத்தச் சொல்வாள். வலது கை ஒன்றும் செய்யாது. இடது கை நன்றாகவே அழுத்தும். இப்போது அதே இரண்டு விரல்களைப் பையனிடம் நீட்டினாள்.

“அழுத்து. விளையாட்டு வேணாம், முழு பலத்தோட.”

அழுத்தினான். முகம் வெளுத்தது. அவள் விரலில் ஈரத்துணி பட்ட மாதிரி இருந்தது. திரும்பி டோன் ஃபுல்வியோவிடம் நீட்டினாள். “நீங்க அழுத்துங்க.” எழுபத்தெட்டு வயதுக் கிழவர் கட்டையை முறிப்பதுபோல் அழுத்தினார்.

“பாத்தியா? இவரு உன்னை ஜெயிச்சுட்டாரு. பேசாம இவரையே சனிக்கிழமை இறக்கிடலாம்.”

பையன் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. “சென்யோ, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சனிக்கிழமை வெளிநாட்டு அணிக்கு ஆள் எடுக்கிறவரு வர்றாரு. என்னைப் பாக்கத்தான் வர்றாரு. ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் நான் ஓய்வு எடுத்துக்கறேன்.”

“இந்தக் கையோட எறிஞ்சா அதுதான் கடைசி ஆட்டம். அவரு வந்து எதைப் பாப்பாரு? ஆறாவது இன்னிங்ஸ்ல கையைப் பிடிச்சுட்டு உக்காரறதையா?”

“சத்தியம் பண்ணுங்க, சொல்ல மாட்டேன்னு.”

“பண்ண மாட்டேன். சாப்பிடு. ஆறிடும்.”

அவனும் சாப்பிட்டான், வேறு வழியில்லாமல். எலியேசர் வருவதற்குள் போயும்விட்டான்.

எலியேசர் தட்டின் முன் உட்கார்ந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை.

“எய்னார் பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடு. அந்த மொஹீக்காவை எடு.”

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். “நேத்து யாரோ எங்கப்பாவை மைதானத்துல விடுவேன்னாங்க?”

“நேத்து எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரியும்.” முழங்கையையும் விரல்களையும் பாம்புக் கொழுப்பையும் பற்றிச் சொன்னாள். “நரம்பு நசுங்குது. அதுமேல தொரிபியோ வேற கட்டைவிரலால மாவு பிசையறான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே அவன்.”

“சொல்வானா? நீ அவனை விட்டா ஆள் இல்லன்னு ரேடியோவுல பேட்டி குடுக்கறே.”

எலியேசர் நெற்றியைத் தேய்த்தான். “சென்யோ, அவன் இல்லாம நான் பட்டியல் குடுத்தா ஊர் என்னைக் கட்டி வச்சுத் தொங்க விடும்.”

“விடட்டும். உன் கழுத்து தடிமன், தாங்கும். அந்தப் புள்ள முழங்கை தாங்காது.”

“நீங்க டாக்டர் இல்லயே.”

“இல்ல. அதனாலதான் டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்றேன்.”

“அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?”

“இல்ல,” என்றார் டோன் ஃபுல்வியோ. எதற்கு இல்லை என்று இருவரும் கேட்டுப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை எலியேசர் சாப்பிடவே வரவில்லை. அன்று முழுக்க டிடிமாவுக்குக் கை வேலையில், மனம் வேறெங்கோ. ஒருவேளை வெறும் அசதியாக இருந்தால்? இரண்டு நாள் ஓய்வில் சரியாகிற விஷயமாக இருந்தால்? பையனின் வாழ்க்கையில் ஒரே தடவை வருகிற ஆளைத் தானே திருப்பி அனுப்பியதாகிவிடும். வார்டில் அவள் தப்புச் செய்யாதவள் அல்ல. இரண்டு தடவை செய்திருக்கிறாள், இரண்டும் நினைவிருக்கிறது. ஆனாலும் அந்த ஈரத்துணிப் பிடியை நினைத்தபோதெல்லாம் சந்தேகம் ஓடிப்போனது. அசதியான கை அப்படி அழுத்தாது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு டோன் ஃபுல்வியோவைத் தள்ளிக்கொண்டு மெலீடாவின் கடைக்குப் போனாள். நிற்க இடமில்லை. ‘இரவல் வேண்டாம்’ அட்டை குளிர்பதனப் பெட்டியின் கதவில் தொங்கியது. மெலீடா பொரித்த ரொட்டியும் காப்பியும் வைத்தாள். டிடிமா தொடவில்லை.

“என்ன சென்யோ, குரலே காணோம்? இன்னிக்கு நீங்கதானே முதல்ல கத்தணும்?”

“தொண்டை சரியில்ல.”

பட்டியலை வாசித்த ரேடியோக்காரன் ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். பின்னால் நின்று பந்து பிடிக்கிற கேட்சர்கள், உள்வட்ட ஆட்டக்காரர்கள், வெளிவட்ட ஆட்டக்காரர்கள். கடை ஒவ்வொரு பெயருக்கும் மேசையைத் தட்டியது. பிட்சர்கள் எட்டுப் பேர். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது. டிடிமா அறியாமலே டோன் ஃபுல்வியோவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவருடைய நாடி தறிகெட்டு ஓடியது. தன்னுடையதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஆறாவது, ஏழாவது. எய்னார் இன்னும் வரவில்லை.

“எட்டாவது,” என்றான் ரேடியோக்காரன், “இரவலாக வருகிறவர், ஜாஹிர் மொஹீக்கா.”

கடை வெடித்தது. மேனேஜரின் அம்மாவையும் பாட்டியையும் இழுத்தார்கள். டோன் ஃபுல்வியோ அங்கேயே உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து பாட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டிடிமா ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். அன்று முழுக்க அதுதான் அவளுக்கு முதல் கவளம். எண்ணெய் உறைந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

“சென்யோ, திங்கறீங்களா? இந்த நேரத்துலயா?” என்றாள் மெலீடா. “நம்ம புள்ளையைத் தூக்கிட்டான்! மூணு நாள் நீங்கதானே கத்தினீங்க?”

“நான்தான் கத்தினேன். தூக்கச் சொன்னதும் நான்தான். அவன் கை கெட்டுப்போச்சு. தொரிபியோகிட்ட இனி யாராவது புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா அவங்களுக்கும் என்கிட்ட இருக்கு.”

கடை அவளை முறைத்தது. ஒருவன் துரோகி என்றான். போன மாதம் அவன் அம்மாவுக்குப் படுக்கைப்புண் கட்டியது யார் என்று டிடிமா கேட்டாள். அவன் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குடித்தான்.

“ஆமா,” என்றார் டோன் ஃபுல்வியோ உரக்க. இந்தத் தடவை யார் பக்கம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

வெள்ளிக்கிழமை எலியேசரே எய்னாரை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனான். நரம்பு நசுங்கியிருந்தது. இன்னும் ஓரிரு ஆட்டம் எறிந்திருந்தால் கத்தி வைக்க வேண்டியிருந்திருக்கும். இப்போதைக்குப் பத்து வாரம் ஓய்வு, அப்புறம் மெல்ல மெல்லப் பயிற்சி. இதைச் சொல்லிவிட்டு எலியேசர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

சனிக்கிழமை மைதானத்தில் மூன்றாவது பேஸுக்குப் பின்னால் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி எய்னார். இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. முரசு கொட்டுகிறவர்கள்கூட மொஹீக்கா பந்து எறியும் மேட்டில் ஏறியபோது கொட்டவில்லை. மூன்று இன்னிங்ஸ்வரை அவன் எதிரணியில் ஒருவனையும் முதல் பேஸைக்கூடத் தொடவிடவில்லை. நாலாவதில் டிடிமா எழுந்து கைதட்டினாள், தனியாக.

“முதுகுல அடிச்சவனுக்கா தட்டறீங்க?” என்றான் எய்னார். இரண்டு நாளில் அவன் சொன்ன முதல் வார்த்தை.

“என் முதுகா அது?”

பையன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனான். அன்று ஜெயித்தார்கள். கோப்பை கடைசியில் வேறு மாகாணத்துக்குப் போனது. ஆள் எடுக்க வந்தவர் எய்னாரோடு கால் மணி நேரம் பேசினார், டாக்டரின் சீட்டைப் படித்தார், அடுத்த ஜனவரியில் வருவேன் என்றார். வரலாம், வராமலும் போகலாம். கை இருந்தால் இன்னொருவராவது வருவார்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் எய்னார் வீட்டுக்கு வந்தான். டிடிமா டோன் ஃபுல்வியோவுக்குச் சோதனை வைத்துக்கொண்டிருந்தாள். பையன் இடது கையை நீட்டினான். அவள் இரண்டு விரலைக் கொடுத்தாள்.

அழுத்தினான். அவள் பல்லைக் கடித்தாள்.

“போதும், விடு. எனக்கு இந்தக் கையாலதான் வேலை.”

அவன் விட்டான். இரண்டு விரலும் சிவந்திருந்தன. அவற்றை உதறிக்கொண்டே சமையலறைக்குப் போய்ச் சாறு ஊற்றி வந்து, கரண்டியை அவனுடைய இடது பக்கம் வைத்தாள். டோன் ஃபுல்வியோ தன் கையை நீட்டியபடியே காத்திருந்தார்.

“உங்களுக்கு என்ன வேணும்? இன்னொரு தடவையா?”

“ஆமா,” என்றார் அவர்.